வரிசையில் ஒரு அம்மா

ஜனவரி 11

அன்புள்ள குண்டூசிக்கு,

அக்கா எழுதுகிறேன். போன கடிதத்துக்குப் பதில் போடாதவன் சுகமாகத்தான் இருப்பான் என்று நினைத்துக்கொள்கிறேன். போனில் பேசலாமே என்கிறார் உன் மாமா. போனில் திட்டினால் நீ வெட்டிவிடுவாய். கடிதம் என்றால் முழுசாகப் படித்துத்தான் ஆக வேண்டும்.

எனக்கு என்ன வந்திருக்கிறது என்று கடைசியில் ஒருவழியாகச் சொல்லிவிட்டார்கள். தசை அழற்சியாம். ஹோட்டலில் மெத்தையின் மூலையைத் தூக்கி விரிப்பைச் செருக முடியாமல் நான் நின்றபோது சூப்பர்வைசர் கேட்டாள்: "இத்தனை வருஷம் கழிச்சு இப்பத்தான் உனக்குச் சொகுசு கேக்குதா?" முதல் டாக்டர் சத்து மாத்திரை கொடுத்தார். இரண்டாவது டாக்டர் எல்லாம் மனசுதான் என்றார். என் மனசு என் தோளில் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயசு டாக்டர் பெண் என்னை நாற்காலியில் உட்காரவைத்து, கையை ஊன்றாமல் எழுந்திருக்கச் சொன்னாள். என்னால் முடியவில்லை. இதைச் செய்து பார்க்க இவர்களுக்கு ஒரு வருஷம் ஆகியிருக்கிறது.

தொடையிலிருந்து ஒரு துண்டு வெட்டி எடுத்தார்கள். அது உன் ஆராய்ச்சிக்கூடத்து மெஷினுக்கு வருமா? வந்தால் அக்காவின் தசை என்று கொஞ்சம் மரியாதையாகச் சீவு.

மாடிப்படி ஏறும்போது சிட்டு பின்னாலிருந்து தள்ளுகிறாள். என்னோடு அதே மாடியில் அறை துடைப்பவள், இரண்டு வீடு தள்ளி இருக்கிறாள், ஞாபகம் இருக்கிறதா? மாத்திரை தின்று முகம் பூசணிக்காய் ஆகிவிட்டது. விரல்கள் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கின்றன. முழங்கையை மேஜையில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். மாமா லாரியோடு போயிருக்கிறார், வர ஒரு வாரம் ஆகும்.

இது ஏன் வருகிறது? உங்கள் இடத்தில் இதற்கு ஏதாவது கண்டுபிடித்தீர்களா, இல்லை வெறுமனே சீவிக்கொண்டிருக்கிறீர்களா?

அக்கா


ஜனவரி 23

அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உன் கடிதத்துக்குப் பிறகு இந்த வரியை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

உன் துண்டு இங்கே வந்தாலும் எனக்குத் தெரியாது. எல்லாம் எண் ஒட்டிய குப்பிகளாகத்தான் வரும். உறையவைத்த தசையைத் தலைமுடியைவிட மெல்லியதாகச் சீவி, கண்ணாடிச் சில்லில் ஒட்டி, சாயம் ஏற்றுவேன். நல்ல தசை இளஞ்சிவப்பாக, கல் பாவிய தரை மாதிரி இருக்கும். உன்னுடையதில் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் நீலப் புள்ளிகள் மொய்த்திருக்கும். அவை உடம்பைக் காவல் காக்க வேண்டிய அணுக்கள். ஏதோ ஒரு குழப்பத்தில் சொந்தத் தசையையே எதிரி என்று அடிக்கின்றன. ஏன் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. தெரிந்த மாதிரி பேசுகிறவர்கள் உண்டு.

இப்போது நல்ல செய்தி. எங்கள் ஆராய்ச்சியின் புது மருந்து உங்கள் பெரிய ஆஸ்பத்திரியிலும் சோதனைக்கு வருகிறது. மாதம் ஒருமுறை நரம்பில் ஏற்றுவார்கள். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர். யாருக்கு எது என்று கொடுக்கிறவர்களுக்கே தெரியாது. உடனே போய்ப் பெயர் கொடு. நான் சிபாரிசு செய்ய முடியாது, நான் சீவுகிறவன்தான். ஆனால் உனக்கு எல்லாம் பொருந்துகிறது. விழுங்கும் தசை பலவீனமானவர்களை மட்டும் சேர்க்க மாட்டார்கள். நடுவில் அவர்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் பழி மருந்துமேல் வரும், முடிவுகள் கெட்டுப்போகும். உனக்குத் தோளும் தொடையும்தானே. கவலை இல்லை.

நேரத்துக்குச் சாப்பிடு.

தம்பி


பிப்ரவரி 20

அன்புள்ள குண்டூசிக்கு,

நலம். தாமதத்துக்குக் காரணம் சோம்பல்.

உன் காவல் அணுக்களைப் பற்றிப் படித்ததும் எங்கள் ஹோட்டல் வாசல்காரன்தான் நினைவுக்கு வந்தான். உள்ளே போகிற பணக்காரத் திருடனுக்கு சல்யூட் அடிப்பான், வேலை முடிந்து வெளியே வருகிற எங்கள் பையைத் துழாவுவான். என் உடம்புக்குள்ளும் அதே ஆளா?

அறை வேலையிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். அடித்தளத்தில் துண்டு மடிக்கிறேன். ஜன்னல் கிடையாது, ஆனால் உட்கார நாற்காலி உண்டு.

சோதனைக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். அடுத்த மாதம் கூப்பிடுவார்கள். வெளி நோயாளி வரிசையில் என் பக்கத்தில் ஒரு அம்மா உட்காருவார். அவருக்கும் இதே நோய். அவருக்கு இப்போது தொண்டையில் கொஞ்சம் அடைக்கிறதாம். தண்ணீர் குடித்தால் சில நேரம் மூக்கு வழியாக வருகிறதாம். உன்னிடம் கேட்கச் சொன்னார்: விழுங்குவதை எப்படிச் சோதிப்பார்கள்? மெஷின் வைத்தா, வாயால் கேட்டா? அவரைத் தள்ளிவிட்டால் பிறகு அவருக்கு என்ன கிடைக்கும்?

பாவம், கேட்கிறார். எழுது.

அக்கா


பிப்ரவரி 28

அக்காவுக்கு,

நலம். இங்கே குளிர்பதன அறையில் நிற்பதால் மூக்கு ஒழுகுகிறது, வேறு ஒன்றுமில்லை.

அந்த அம்மாவுக்குப் பதில். மெஷின் எல்லாம் இல்லை. விழுங்கச் சிரமமா என்று கேட்பார்கள். பிறகு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து நிறுத்தாமல் குடிக்கச் சொல்வார்கள். இருமினால் வெளியே. அவருக்குப் பழைய மாத்திரைதான் கிடைக்கும். ஆனால் அக்கா, அவரிடம் கண்டிப்பாகச் சொல்: மறைக்கக் கூடாது. தொண்டைத் தசை சோர்ந்தால் தண்ணீரும் சோறும் நுரையீரலுக்குள் இறங்கும். சளிக் காய்ச்சல் மாதிரி ஆரம்பிக்கும், ஆளையே கொண்டுபோய்விடும். உடனே டாக்டரிடம் சொல்லச் சொல்.

அதுவரை ஒரு யோசனை. இங்கே தொண்டைப் பயிற்சி கொடுக்கிற நர்ஸிடம் கேட்டு எழுதுகிறேன். குடிக்கும்போது தலையை நிமிர்த்தக் கூடாது. தாடை நெஞ்சைத் தொடுகிற மாதிரி குனிந்துகொள்ள வேண்டும். கொஞ்சமாக வாயில் எடுத்து இரண்டு தடவை விழுங்க வேண்டும். உலர்ந்த ரொட்டி வேண்டாம், ஊறவைத்துச் சாப்பிடட்டும். அப்படிச் செய்தால் இருமல் வராது.

அவரைத் தள்ளுவது அநியாயம்தான். எங்கள் தலைமை ஆராய்ச்சியாளரிடம் கேட்டே விட்டேன். கண்ணாடியைத் தலையில் தூக்கிவிட்டுக்கொண்டு, "தம்பி, ரொம்ப முடியாதவங்களை வச்சு எதையும் நிரூபிக்க முடியாது," என்றார். முடியாதவர்களுக்காகத்தானே மருந்து என்ற கேள்வி வாய் வரை வந்தது. வேலை போய்விடுமே என்று மூடிக்கொண்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

தம்பி


மார்ச் 19

அன்புள்ள குண்டூசிக்கு,

நீயும் உன் மூக்கும் நலமா? என்னைச் சேர்த்துக்கொண்டார்கள்! முதல் மருந்தும் ஏற்றியாகிவிட்டது. மருந்தோ உப்புத் தண்ணீரோ, உள்ளே போகும்போது குளிர்ச்சியாக இருந்தது.

கையைத் தூக்கச் சொன்னார்கள், காலைத் தூக்கச் சொன்னார்கள், பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கிய மாதிரி இருந்தது. தண்ணீரும் கொடுத்தார்கள். நான் தலையைக் குனிந்து, நிதானமாக, சொட்டு மிச்சமில்லாமல் குடித்தேன். "என்னம்மா, தண்ணி குடிக்கறதுக்கே இவ்வளவு அடக்கமா?" என்று சிரித்தாள் நர்ஸ். பெரியவர்கள் முன்னால் இப்படித்தான் குடிப்பது வழக்கம் என்றேன். இந்த ஆஸ்பத்திரியில் ஏழைக்கு அடக்கம் இருந்தால் யாரும் சந்தேகப்படுவதில்லை.

வரிசையில் இருந்த அம்மாவிடம் நீ எழுதியதை அப்படியே சொன்னேன். நீ சொன்னபடிதான் செய்கிறாராம். நல்ல பலன் என்றார். உன்னைப் பெற்றவள் கொடுத்துவைத்தவளாம். நம் அம்மா இருந்திருந்தால் இதை ஒப்புக்கொண்டிருக்க மாட்டாள்.

உன் மாமாவிடம் சொன்னேன், இந்த மருந்து வேலை செய்தால் அவர் லாரியில் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து ஒருமுறை கடைசி ஊர் வரை போக வேண்டும் என்று. "ஏறுனா இறங்க மாட்டே நீ," என்றார். அவ்வளவு உயரம் கால் தூக்க முடிந்தால் போதும், இறங்குவதைப் பிறகு பார்க்கலாம்.

அக்கா


மார்ச் 30

அக்காவுக்கு,

நலம், பரம நலம். உன் கடிதத்தை, குப்பிகள் வரும் பெட்டிகளைப் பிரிக்கும் மேஜையிலேயே நின்று படித்தேன்.

உங்கள் ஆஸ்பத்திரிக் குப்பிகள் வந்திருக்கின்றன. ஒவ்வொன்றையும் எடுக்கும்போது இதுவாக இருக்குமோ என்று பார்க்கிறேன். எண்ணைப் பார்த்தால் என்ன தெரியும்! எல்லாவற்றையும் மரியாதையாகவே சீவிவிட்டேன்.

இந்தத் தடவை சேர்த்தவர்கள் எல்லாரும் சுத்தமான நோயாளிகள் என்று தலைமையாருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். ஆமாம், அப்படித்தான் சொன்னார். கசங்காத, சிக்கல் இல்லாத, முடிவைக் கெடுக்காத நோயாளிகளாம். உன் ஹோட்டலில் விருந்தாளிகளைத் தரம் பிரிப்பார்களே, அது மாதிரி. அந்த அம்மா அசுத்தமானவர், நீ சுத்தமானவள். வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை போன் செய்கிறேன். உன் குரல் கேட்டு மாதக்கணக்கில் ஆகிறது. திட்டு, வெட்ட மாட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

தம்பி


மே 6

அன்புள்ள குண்டூசிக்கு,

நீ சுகமா? இங்கே எல்லாரும் இருக்கிறோம்.

நீ போன் செய்ததாக மாமா சொன்னார். எனக்குச் சளி, தொண்டை கட்டியிருக்கிறது. கட்டிய தொண்டையில் திட்டினால் அழகாக இருக்காது. கடிதமே போதும்.

இரண்டாவது மருந்தும் ஏறிவிட்டது. இன்றைக்கு எனக்குத் தலை நன்றாகப் பின்னி, நேர் வகிடு எடுத்து இருக்கிறது. நீ பார்த்திருக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் எடை பார்க்கிறார்கள். எடை குறைந்தால் ஏன் என்று கேள்வி கேட்பார்கள் என்று டாக்டர் பெண் சொன்னாள். என் எடை அப்படியே இருக்கிறது, அட்டையில் எழுதியே இருக்கிறார்கள்.

மாமா இருக்கும் நாட்களில் அவருக்கு முதலில் போட்டுவிட்டு நான் பிறகு சாப்பிடுகிறேன். பாலில் ரொட்டியை ஊறவைத்தால் ருசியாகத்தான் இருக்கிறது. "ஒரு தட்டுச் சாப்பாட்டுக்கு எத்தனை நேரம்டி?" என்று சலித்துக்கொள்கிறார். நீயும் ஒவ்வொரு கடிதத்திலும் சாப்பிடு சாப்பிடு என்கிறாய். இந்தக் குடும்பத்தில் ஆண்களுக்கு வேறு பேச்சே இல்லையா?

அந்த அம்மாவை இப்போது வரிசையில் பார்ப்பதில்லை.

அக்கா


மே 17

அக்காவுக்கு,

நலம் என்று எழுதப் பிடிக்கவில்லை.

நேற்றோடு மூன்றாவது தடவை கூப்பிட்டுவிட்டேன். ஒருமுறை குளிக்கிறாய் என்றார் மாமா. ஒருமுறை தூங்குகிறாயாம். மூன்றாவது முறை அவருக்குப் பொய்யே கிடைக்கவில்லை. "வேண்டாங்கறா மாப்பிள்ளை, நான் என்ன பண்ணட்டும்?" என்றார். என்மேல் கோபமா?

சில கேள்விகள். ஹோட்டலில் சம்பளத்தோடு விடுப்பு தருகிறார்களா? சிட்டு ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வருகிறாளா? சளி இன்னும் இருக்கிறதா? இவ்வளவு நாளாக என்ன சளி அது? அந்த அம்மா டாக்டரிடம் சொன்னாரா இல்லையா?

இன்னொன்று. கேட்பது பைத்தியக்காரத்தனம்தான், எடை குறையவில்லை என்று நீயே எழுதியிருக்கிறாய். இருந்தாலும் கேட்கிறேன். உனக்கு விழுங்க ஏதும் சிரமம் இருக்கிறதா, அக்கா?

இதற்கு மட்டும் ஒரே ஒரு சொல் எழுதினால் போதும்.

நேரத்துக்குச் சாப்பிடு.

தம்பி


ஜூன் 9

அன்புள்ள குண்டூசிக்கு,

கோபம் எல்லாம் இல்லை. உன்மேல் கோபப்பட எனக்குத் தெம்பு வேண்டாமா?

உன் கேள்விகளுக்குப் பதில். ஹோட்டலில் விடுப்பு இல்லை, ஆளையே விட்டுவிட்டார்கள். துண்டு மடிக்கவும் நான் மெதுவாம். சூப்பர்வைசர் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் சொன்னாள். அவளுக்கும் மேலே ஒருத்தன் இருக்கிறான். சிட்டு வருகிறாள், தினமும் காலையில் வருகிறாள். சளி கொஞ்சம் இருக்கிறது, மழை பெய்கிறது அல்லவா. அந்த அம்மா யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் இந்த மருந்தை நிறுத்திவிடுவார்கள், நிறுத்தினால் பிறகு எதற்குக் காத்திருப்பது என்று கேட்டார். அதற்குப் பதில் உனக்குத் தெரியுமா?

நாலாவது மருந்து இந்த மாதக் கடைசியில். அதற்குப் பிறகுதான் பலன் தெரியும் என்கிறார்கள்.

அடுத்த மாதம் வந்துவிடு. நீ வரும்போது லாரி இங்கே இருந்தால் நீயும் மாமாவும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து என்னை முன் சீட்டில் ஏற்றிவிடுங்கள். மருந்துக்காகக் காத்திருக்க வேண்டாம்.

கேள்வியாகவே குத்தாதே. பெயருக்கு ஏற்ற மாதிரி இருக்கிறாய்.

அக்கா


ஜூலை 28

மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதிக்கொள்வது. எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. உன் அக்காவின் காரியம் முடிந்து நீ புறப்பட்டுப் போனதிலிருந்து போன் அடித்தால் நீயும் பேச மாட்டேன் என்கிறாய், நானும் பேச மாட்டேன் என்கிறேன். அதனால் எழுதுகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் வந்தாள். அன்றைக்கு நாற்காலியில் உட்காரவைத்த அதே டாக்டர். நுரையீரலில் சாப்பாடு இறங்கிச் சீழ் பிடித்ததுதான் காரணம் என்று எழுதிய காகிதத்தைக் கொடுத்தாள். எங்ககிட்ட அவங்க ஒண்ணுமே சொல்லலியே என்று அழுதாள். நான் அவளுக்குத் தண்ணீர் கொடுத்து அனுப்பினேன்.

சிட்டு இன்னும் காலையில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறாள். உன் அக்காவுக்குக் கடைசி நாள் வரை தலை பின்னிவிட்டவள் அவள்தான். கை பழகிவிட்டது, அந்த நேரம் வந்தால் கால் தானாக இங்கே வருகிறது என்கிறாள்.

உன்னிடம் இரண்டு விஷயம் கேட்க வேண்டும். நீ அந்த வேலையிலேயே இருப்பவன்.

என் லாரி ஸ்பேனர் இரண்டு ரொம்ப நாளாகக் காணோம். கிளீனரைத் திட்டித் தீர்த்தேன். போன வாரம் உன் அக்கா ஆஸ்பத்திரிக்குப் போட்டுக்கொண்டு போகும் கோட்டை எடுத்தேன். உள் பையில் இரண்டும் இருந்தன. பெரிய ஸ்பேனர்கள். கை தூக்க முடியாதவள் அந்தப் பாரத்தை ஏன் சுமந்துகொண்டு போனாள்?

இரண்டாவது. மார்ச் மாதத்திலிருந்து அவள் என்னோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தால்கூட என்னைப் பார்க்காமல், தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு குடிப்பாள். வண்டி வண்டி என்று அலைகிறேனே, அந்தக் கோபம் என்று நினைத்தேன். ஒருநாள் நானும் கோபத்தில், "என் மூஞ்சியப் பாத்தா தண்ணிகூட இறங்காதா உனக்கு?" என்று கேட்டுவிட்டேன். அவள் பதில் சொல்லவில்லை. எனக்கு அதுதான் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. அவளுக்கு என்மேல் என்ன கோபம்? உனக்கு ஏதாவது எழுதியிருந்தாளா?

உன் மாமா


ஆகஸ்ட் 30

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து நாளாகிவிட்டது. எழுதிக் கிழித்து, எழுதிக் கிழித்து, இப்போதுதான் அனுப்ப முடிகிறது. நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?

முதலில் ஸ்பேனர். எடை குறைந்திருப்பது தெரிந்தால் சோதனையிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று அவளுக்குப் பயம். எடை பார்க்கும்போது கோட்டைக் கழற்றச் சொல்ல அங்கே யாருக்கும் நேரம் இருந்திருக்காது. அவளுக்கு உங்கள் லாரியில் ஏற வேண்டும். அதற்கு மருந்து வேண்டும், மருந்துக்கு எடை வேண்டும். உங்கள் இரும்பைத்தான் துணைக்கு எடுத்துக்கொண்டாள்.

அவள் குனிந்தது கோபத்தில் இல்லை மாமா. நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்லாததும் கோபத்தில் இல்லை. வாய் திறந்தால் குரல் மூக்கில் வரும், நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள். என்னிடம் போனில் வராததும் அதனால்தான். தொண்டைத் தசை சோர்ந்தவர்கள் அப்படித் தாடையை நெஞ்சில் வைத்துக் குனிந்து குடித்தால் இருமல் வராது. அதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான். வரிசையில் யாரோ ஒரு அம்மாவுக்கு என்று கேட்டாள், அந்த அம்மாவுக்கு என்றுதான் எழுதினேன். ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போன சிட்டுவிடம் விசாரித்துவிட்டேன். வரிசையில் அப்படி ஒரு அம்மா கிடையாது.

அவளுக்கு ஏறியது மருந்தா உப்புத் தண்ணீரா என்று கேட்டேன். சோதனை முழுசாக முடியும் வரை எங்கள் மாதிரி ஆட்களுக்குச் சொல்ல மாட்டார்கள். அவள் எண்ணுக்கு நேராக ஒரே வரி எழுதி மூடிவிட்டார்கள்: நோயாளி தகவலை மறைத்தார். நான் தலைமையாரிடம் போனேன். கதவைச் சாத்தினது நாமதானே சார், அதையும் சேத்து எழுதுங்க என்றேன். அவர் கண்ணாடியைத் தலையிலிருந்து எடுத்து, துடைத்து, மறுபடியும் தலையிலேயே வைத்துக்கொண்டார். வருத்தமாகத்தான் இருக்கிறது என்றார். அந்த வரியை மாற்றவில்லை.

குப்பிகள் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன. சீவிக்கொண்டிருக்கிறேன். வேலையை விட்டுவிடலாம் என்று நினைக்கிறேன், காலையில் எழுந்தால் கால் அங்கேதான் போகிறது, சிட்டுவுக்கு மாதிரி.

இதைப் படித்த பிறகு என்னோடு பேச உங்களுக்கு மனம் வராவிட்டால், அது நியாயம்தான். மனம் வந்தால் சொல்லுங்கள், வருகிறேன். முன் சீட்டில் உட்கார்ந்து அந்தக் கடைசி ஊர் வரை உங்களோடு ஒருமுறை வர வேண்டும்.

அவளுக்கு எழுதும் கடிதங்களைக் கடைசியில் ஒரே வரியில்தான் முடிப்பேன். உங்களுக்கும் அதையே எழுத வேண்டும் என்று பேனாவை வைத்துக்கொண்டு ரொம்ப நேரமாக உட்கார்ந்திருக்கிறேன் மாமா. கை போகவில்லை.

தம்பி